வெர்மொண்ட் மலைகளில் இலையுதிர் காலமும் காட்டு வான்கோழியும்



வான்கோழி என்றதும் தமிழறிந்தோர் உள்ளத்தில் முதலில் எழுவது, மயிலின் ஆட்டத்தைக் கண்டு தானும் சிறகை விரித்து ஆட முற்பட்டு நகைப்புக்கு இடமான பறவையின் தோற்றமே. மூதுரையை இளமையில் மனனம் செய்தவர் எவரும் அந்த உவமையை மறப்பதில்லை. கல்லாதவன் கவி சொல்லப் புகுந்ததற்கு உவமையாக வந்த அந்தப் பெயர், இன்று வீட்டு முற்றங்களிற் கொழுத்து வளர்ந்து அசைந்து நடக்கும் பறவைக்கு உரியதாகிவிட்டது. பெயரோடு ஏளனமும் அதன்மேல் ஏறிக்கொண்டது. ஆனால் இப்பறவைக்குச் சொந்தக் காடு ஒன்று உண்டு. அங்கே அது அசைந்து நடப்பதில்லை. ஓடுகின்றது, பறக்கின்றது, மரக்கிளையில் உறங்குகின்றது, மனிதனின் நிழல் கண்ட மாத்திரத்தே மறைகின்றது.

அந்தக் காடு அமெரிக்கக் கண்டத்திலுள்ளது. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் கடல் கடந்து செல்லும் வரை ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ இப்பறவையைக் கண்டவர் இல்லை. மெக்சிக்கோ நாட்டின் பழங்குடி மக்களே இதனை முதலில் வீட்டுப் பறவையாக்கினர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே நிகழ்ந்த பெயர்க் குழப்பம் சுவையானது. எங்கிருந்து வந்தது என்று அறியாத ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரைச் சூட்டினர். பிரெஞ்சுக்காரர் இந்தியாவின் பெயரைச் சூட்டினர். துருக்கியரோ, தம் நாட்டுப் பறவை அன்று என்று நன்கு அறிந்திருந்தமையால், அவர்களும் இந்தியப் பறவை என்றே அழைத்தனர். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தை நினைந்து 'கல்கூன்' என்றனர். அந்த ஒல்லாந்தச் சொல்லே இலங்கைக்கு வந்து, சிங்கள மொழியில் 'களுகும்' என்று இன்றும் வழங்குகின்றது. மலபார்க் கரையின் நகரப் பெயர் ஒன்று, அமெரிக்கப் பறவை ஒன்றின்மீது ஏறி, ஒல்லாந்து சென்று, கொழும்புக்குத் திரும்பி வந்த கதை இது.

1612ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து இத்தகைய பறவையொன்று முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதன் தலையும் கழுத்தும் கணத்துக்குக் கணம் நிறம் மாறுவதைக் கண்டு வியந்த அரசர், தமது நாட்குறிப்பில் அதனை விரிவாக எழுதியதோடு, ஓவியர் மன்சூரைக் கொண்டு படமாகவும் தீட்டுவித்தார். மயிலின் நாட்டை ஆண்டவர் வான்கோழியைக் கண்டு நகைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி, அப்பறவையை அதன் சொந்த நிலத்திலே காண்போம். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதியில், வெர்மொண்ட் என்னும் சிறு மாநிலம் உண்டு. பச்சை மலை என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அம்மலைகளைக் காண மக்கள் திரண்டு செல்வது அவை பச்சை நிறத்தை இழக்கும் நாட்களிலேதான். செப்டெம்பர் மாத இறுதியில் வடக்கிலும் மலை உச்சிகளிலும் தொடங்கும் நிறமாற்றம், ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் பள்ளத்தாக்குகள் தோறும் இறங்கி வருகின்றது. சர்க்கரை மேப்பிள் செம்மஞ்சளாகவும், செம்மேப்பிள் குருதிச் சிவப்பாகவும், பேர்ச் மரம் பொன்னாகவும், பீச் மரம் செப்புத் தகடாகவும் மாறி நிற்க, இடையிடையே பைன் மரங்கள் மட்டும் தம் கரும்பச்சை குன்றாமல் நிற்கின்றன. இந்த மாறாத பச்சை இல்லையேல் மற்ற நிறங்களின் எடுப்பும் இத்துணை விளங்காது.

என்றும் பசுமை மாறாத நாட்டில் வாழ்வோருக்கு இக்காட்சி கற்பனைக்கு எட்டாதது அன்று. இலங்கையில் முற்றங்களில் நிற்கும் வாதுமை மரம் இலை உதிர்க்குமுன் சிவந்து நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். அந்த ஒரு மரத்தை ஒரு மலைத்தொடராகப் பெருக்கிக் காண்பதே வேண்டுவது.

இலை ஏன் நிறம் மாறுகின்றது? இலையிலுள்ள பச்சையம் கோடை முழுவதும் ஓயாது அழிந்தும் ஓயாது புதிதாக ஆக்கப்பட்டும் வருகின்றது. பகல் குறுகிக் குளிர் தொடங்கியதும் மரம் அதனை ஆக்குவதை நிறுத்திவிடுகின்றது. பச்சை மறையவே, இலையில் முன்னரே மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. ஆகவே மஞ்சள் புதிதாக வந்ததன்று. பச்சையின் பின்னால் கோடை முழுவதும் காத்திருந்ததே அது. சிவப்பு அவ்வாறன்று. இலைக்காம்பின் அடியில் தக்கைபோன்ற ஒரு படலம் வளர்ந்து இலைக்கும் கிளைக்கும் இடையேயுள்ள வழியை அடைக்கத் தொடங்கும் வேளையில், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக ஆக்கப்படுவதே சிவப்பு. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனிக்குச் சற்று மேலான குளிரும் அமைந்த ஆண்டுகளில் மேப்பிள்கள் அவ்வளவு சிவப்பதன் காரணம் இதுவே. இதே சர்க்கரை மேப்பிளின் சாற்றைத்தான் குளிர்காலம் கழியும் தறுவாயில் வெர்மொண்ட் மக்கள் இறக்கிக் காய்ச்சுகின்றனர். கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்யும் குடும்பத்தவர் அந்த அடுப்படியில் அந்நியராக உணரமாட்டார். நாற்பது கலன் சாற்றுக்கு ஒரு கலன் பாணியே தேறும் என்பதைக் கேட்டு வேண்டுமானால் பெருமூச்சு விடுவர்.

காட்டு வான்கோழியைக் காண விரும்புபவர் விடியுமுன் எழவேண்டும். இரவை அது மரத்தின் உயரக் கிளையிலே கழிக்கின்றது. கீழ்வானம் வெளுக்கும்போது, இலையுதிர்ந்த ஓக் மரமொன்றின் கிளைகளில் கரிய பொதிகள் சில தொங்குவது போலத் தோன்றும். சற்றுப் பொறுத்திருந்தால் ஒரு பொதி கழுத்தை நீட்டும். மெல்லிய குரலொன்று எழும். பின்னர் ஒவ்வொன்றாக, சிறகோசை காடெங்கும் கேட்க, அவை தரையிலே வந்திறங்கும். முதிர்ந்த சேவல் பதினாறு முதல் இருபத்து நான்கு இறாத்தல் வரை நிறையுள்ளது. பேடு அதிற் பாதியளவே. இத்துணைப் பாரத்தைச் சுமந்தும் அது பறக்கும் வேகம், குறுகிய தூரத்துக்கு, மணிக்கு ஐம்பது மைலையும் கடக்கும் என்றால், முற்றத்து வான்கோழியை மட்டுமே கண்டவர் நம்புவது அரிது.

தரைக்கு வந்ததும் கூட்டம் ஒரு வரிசையாகப் பரந்து, உதிர்ந்த இலைகளைக் காலாற் சீய்த்துக்கொண்டு முன்னேறும். இலங்கையின் காட்டுக்கோழி சருகைக் கிளறும் அதே செயல்தான். ஆனால் இருபது பறவைகள் ஒருங்கே செய்யும்போது, காட்டினூடே யாரோ விளக்குமாறு கொண்டு கூட்டிச் செல்வது போன்ற ஓசை கேட்கும். ஓக் கொட்டைகள், பீச் கொட்டைகள், புல்விதைகள், குளிரால் விறைத்துப்போன வெட்டுக்கிளிகள் ஆகியவை அதன் காலையுணவு. நிழலில் நிற்கும்போது கருமையாகத் தோன்றும் அதன் இறகுகளில் வெயில் பட்டவுடன் வெண்கலமும் செம்பும் பச்சையும் ஒளிவிடும். உதிர்ந்த பீச் இலைகளின்மேல் அது நடக்கும்போது எது இலை, எது இறகு என்று கண் மயங்கும். ஆனால் பார்ப்பவர் தம் கையைச் சற்று உயர்த்தினாற் போதும். அந்த இருபது பறவைகளும் அங்கே இல்லை. அத்துணைக் கூர்மை அதன் பார்வைக்கு உண்டு.

பறவையைத் தொடர்ந்து காட்டுக்குள் சிறிது தூரம் சென்றவர் வியப்பான ஒன்றைக் காண்பார். அடர்ந்த காட்டின் நடுவே, மனித நடமாட்டமே இல்லாத சரிவில், இடுப்பளவு உயரமான கல் வேலியொன்று நீண்டு செல்லும். அதனைக் கடந்தால் இன்னொன்று. சிறிது தூரத்தில் கற்கள் அடுக்கிய பள்ளமொன்று. அது ஒரு காலத்தில் ஒரு வீட்டின் நிலவறை. அருகே காடேறிப்போன ஆப்பிள் மரமொன்று, பராமரிப்பார் இன்றியும், புளித்த சிறு கனிகளை உதிர்த்துக்கொண்டு நிற்கும். அக்கனிகளைத் தின்னவே வான்கோழிகள் அங்கே வந்தன. காட்டுக்குள் எவன் வேலி கட்டுவான்? எவனும் கட்டமாட்டான். வேலி கட்டப்பட்டபோது அங்கே காடு இருக்கவில்லை.

ஆதிக் காடு என்று எண்ணி மக்கள் பார்த்து மகிழும் இந்த அழகின் வரலாறு இங்கேதான் தொடங்குகின்றது. அபெனாக்கி மக்களின் நிலமாயிருந்த இம்மலைகளிற் பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளையர் குடியேறிக் காட்டை வெட்டிக் கமம் செய்தனர். 1811ஆம் ஆண்டில், லிஸ்பனில் அமெரிக்கக் கொன்சலாகப் பணியாற்றிய வில்லியம் ஜார்விஸ் என்பவர், மெரினோ ஆடுகளை வெர்மொண்டுக்குக் கொண்டுவந்தார். கம்பளி மயிருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. மலையுச்சி வரை மரங்கள் வெட்டப்பட்டு மேய்ச்சல் நிலமாயின. 1840ஆம் ஆண்டில் மாநிலத்தின் மக்கள் தொகை 2,92,000 அளவாயிருக்க, ஆடுகளின் தொகை 16 இலட்சத்தையும் கடந்திருந்தது. கல் வேலிகள் பல அந்த ஆடுகளுக்காக எழுந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் காடு இல்லாத வெர்மொண்டில் வான்கோழியும் இல்லாது போயிற்று. எஞ்சியவற்றை வேட்டைக்காரரின் துப்பாக்கி முடித்துவைத்தது. தெற்கே அண்டை மாநிலமாகிய மசச்சூசெட்ஸில் கடைசிப் பறவை 1851ஆம் ஆண்டில் டொம் மலையிற் கொல்லப்பட்டதாகப் பதிவுண்டு.

இந்த அழிவைக் கண்கூடாகக் கண்டு வளர்ந்தவர் ஒருவர் இருந்தார். வெர்மொண்டின் வூட்ஸ்டொக் ஊரில் 1801ஆம் ஆண்டிற் பிறந்த ஜோர்ஜ் பேர்கின்ஸ் மார்ஷ், மரமிழந்த மலைகளிலிருந்து மண் கரைந்து ஓடுவதையும், ஆறுகள் மாரியிற் பெருக்கெடுத்துக் கோடையில் வற்றுவதையும் இளமையிலேயே கவனித்தவர். 1864இல் அவர் வெளியிட்ட 'மனிதனும் இயற்கையும்' என்னும் நூல், மனிதன் செயலால் நிலமே மாறிவிடும் என்பதை உலகுக்கு விரிவாக எடுத்துக் கூறிய முன்னோடி நூல்களில் ஒன்று. அவர் சில காலம் துருக்கி நாட்டில் அமெரிக்கத் தூதுவராக இருந்தவர். தம் ஊர்க் காட்டை விட்டு மறைந்த பறவைக்கு ஆங்கிலேயர் எந்நாட்டின் பெயரை இட்டனரோ அந்நாட்டிலே அவர் பணியாற்ற நேர்ந்தது ஒரு வேடிக்கை.

ஆடுகளின் காலமும் நீடிக்கவில்லை. கால்வாயும் இருப்புப்பாதையும் மேற்கே திறந்த அகன்ற புல்வெளிகளோடு இந்தக் கல் மலைகள் போட்டியிட இயலவில்லை. கம்பளியின் விலை வீழ்ந்தது. இளைஞர் மேற்கு நோக்கியும் ஆலை நகரங்களை நோக்கியும் சென்றனர். கமங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட நிலத்தில் முதலில் பைனும், பின் மேப்பிளும் பேர்ச்சும் தாமாகவே முளைத்தன. இன்று மாநிலத்தின் முக்காற் பங்கு நிலம் காடு. ஒக்டோபர் மாதத்தில் பேருந்துகளில் வந்திறங்கி வண்ணக் காட்டைக் கண்டு களிப்பவர், உண்மையில் நின்று பார்ப்பது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வியர்வை சிந்தித் தோற்றுப்போன நிலத்தையே. இதைச் சொல்வதால் அக்காட்சியின் அழகு குறைந்துவிடாது. அந்தக் கல் வேலியை அடுக்கிய கைகளை நினையாமல் பார்ப்பதே குறைவான பார்வை.

காடு தானே திரும்பி வந்தது. வான்கோழி அவ்வாறு வரவில்லை. அதனை மீட்டும் கொணர இருபதாம் நூற்றாண்டில் வடகிழக்கு மாநிலங்களில் முயற்சிகள் நடந்தன. முட்டைகளைப் பொறிக்க வைத்து, அடைப்புகளில் வளர்த்து, நன்கு கொழுத்த பறவைகளைக் காட்டிலே விட்டனர். அவை பிழைக்கவில்லை. நரியும் ஆந்தையும் பசியும் அவற்றை முடித்தன. இரத்தத்தில் குறையா என்றால், முக்கியமான குறை கல்வியிலேயே இருந்தது. எந்த நிழல் பருந்தின் நிழல், எந்தக் கொட்டை எக்காலத்தில் உதிரும், வெண்பனி மூடும்போது எந்தச் சரிவுக்குச் செல்லவேண்டும் என்பனவெல்லாம் காட்டுக் குஞ்சு தன் தாயின் பின்னால் நடந்து அறிபவை. அடைப்பில் வளர்ந்த பறவைக்குத் தாய் இல்லை. தீனி கொண்டுவரும் மனிதனே இருந்தான். அவனைக் கண்டு ஓடவும் அது கற்கவில்லை.

எனவே, காட்டிலே பிறந்து காட்டிலே வளர்ந்த பறவைகளையே பிடித்துக் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. ஆனால் கையை உயர்த்தினாலே மறையும் பறவையைப் பிடிப்பது எப்படி? 1950களில் ஒரு முறை கைகூடியது. வெளியான ஓரிடத்தில் சோளம் தூவி, நாள்தோறும் பறவைகள் அங்கே வந்து பழகும்வரை காத்திருந்து, பின் மறைவிலிருந்து சிறு பீரங்கிக் குழாய்களால் பெரியதொரு வலையை ஒரே நொடியில் அவற்றின்மேல் வீசுவது அம்முறை. இதற்கான செலவில் பெரும் பகுதி, 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதித்த வரியிலிருந்து வந்தது. பறவையை அழித்த துப்பாக்கியே அதனை மீட்கப் பணம் கொடுத்தது என்றாற் பொருந்தும்.

1969, 1970 ஆகிய ஆண்டுகளில், நியூயோர்க் மாநிலத்தின் தென்மேற்குக் காடுகளிற் பிடிபட்ட 31 பறவைகள் வெர்மொண்டின் தென்மேற்குப் பகுதியில் விடப்பட்டன. முப்பத்தொன்றே. அவை பெருகிய வேகம் அவற்றை விட்டவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. 1973ஆம் ஆண்டிலேயே அளவான வேட்டைக்கு இடமளிக்க முடிந்தது. இன்று அம்மாநிலத்தில் உள்ளவை 45,000 என்ற அளவில் மதிக்கப்படுகின்றன. மசச்சூசெட்ஸிலும் 1972, 1973ஆம் ஆண்டுகளில் விடப்பட்ட 37 பறவைகளின் வழிவந்தவை இன்று பொஸ்டன் நகரின் புறத்தெருக்களிலும் உலாவுகின்றன. அங்கே அவை தபாற்காரரைத் துரத்துவதும், பளபளக்கும் மோட்டார் வண்டியில் தம் நிழலைக் கண்டு பகைவன் என்று கொத்துவதும் உண்டு. இந்த வரவை எல்லோரும் வாழ்த்துவதில்லை.

இலையுதிர் காலத்தில் காணும் கூட்டம் பெரும்பாலும் தாய்ப் பேடும் அதன் குஞ்சுகளுமாகிய குடும்பம். முதிர்ந்த சேவல்கள் தனியே திரியும். தோகை விரித்து முழங்கும் அவற்றின் ஆரவாரமெல்லாம் இளவேனிலுக்கே உரியது. ஜூன் மாதத்திற் பொரித்த குஞ்சுகள் முதலிரு வாரம் பறக்கமாட்டா. அதுவரை தாய் தன் மரத்தை விட்டுத் தரையிலேயே, சிறகின்கீழ் அவற்றை வைத்து, ஒவ்வோர் இரவையும் ஆபத்திற் கழிக்கும். ஒக்டோபரில் அக்குஞ்சுகள் தாயளவு வளர்ந்துவிடுகின்றன. ஆயினும் நாயொன்று பாய்ந்து கூட்டத்தைக் கலைத்தால், அந்த வளர்ந்த பிள்ளைகளின் உண்மை வயது வெளிப்படும். சிறிது நேரம் காடு ஓய்ந்திருக்கும். பின் ஒரு புதரிலிருந்து நடுங்கும் சீழ்க்கை ஒன்று எழும். இன்னொரு புறமிருந்து மற்றொன்று. அப்போது தாய் ஓரிடத்தில் நின்று, கரகரத்த குரலில், விட்டுவிட்டு அழைக்கத் தொடங்கும். ஒவ்வொன்றாக அவை வந்து சேரும்வரை அது அழைப்பதை நிறுத்துவதில்லை.

காடு மட்டும் இருந்தால் இப்பறவைக்குப் போதும் என்று நினைப்பது தவறு. குஞ்சுகளுக்குப் பூச்சி வேண்டும். அது திறந்த புல்வெளியிலே மிகுதி. குளிர்காலத்தில் இடுப்பளவு பனி மூடும்போது கொட்டைகள் கிட்டா. அப்போது வெர்மொண்ட் வான்கோழிகள் பாற்பண்ணைகளை நாடுகின்றன. அறுவடை செய்த சோள நிலத்தில் சிந்திய மணிகளும், வயலில் பரப்பிய மாட்டெருவிற் சமிக்காது எஞ்சிய சோளமும் அவற்றைக் காக்கின்றன. கண்ணுக்கு இனிய காட்சியும் அவ்வாறே அமைந்தது. மலைச்சரிவின் செவ்வண்ணம் முழுவதும் தெரிவது அதன் அடியிலே பச்சைப் புல்வெளியொன்று இடம்விட்டு நிற்பதனால். அந்தச் செங்களஞ்சியமும் வெண்ணிறக் கோவிற் கோபுரமும் இடையே தெரிவதும் அதனாலே. அந்தப் புல்வெளியைக் காப்பது பசுக்களும் அவற்றின் உரிமையாளருமே. 1940களில் அம்மாநிலத்தில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பாற்பண்ணைகள் இருந்தன. இன்று அவை ஏறக்குறைய 500 ஆகச் சுருங்கிவிட்டன. பாலின் விலை செலவுக்குக் கட்டாத ஆண்டுகள் பல. மாடுகள் விற்கப்பட்ட பண்ணையின் புல்வெளி, எவரும் வெட்டாது விட்டால், சில ஆண்டுகளிற் பைன் கன்றுகளால் நிறைந்துவிடும். ஆட்டுப் பண்ணைகளுக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். அதுவும் காடுதான், ஆனால் அதனுள் நின்று எவரும் மலையைப் பார்க்க முடியாது.

மாலை நான்கு மணிக்கே அங்கே வெயில் சாய்ந்துவிடுகின்றது. பால் கறக்கும் இயந்திரத்தின் ஒலி தொழுவத்திலிருந்து கேட்கத் தொடங்கும் வேளையில், சோளத் தாள்கள் நிற்கும் வயலின் ஓரமாக வான்கோழிக் கூட்டம் காட்டை நோக்கி நடக்கும். கல் வேலியை அடைந்ததும் அவை அதன்மேல் ஏறிச் சற்று நிற்கும். பின் தாய் முதலில் எழும். கிளைகள் முறியும் ஓசையோடு ஓக் மரத்தின் நடுக்கிளையில் அமரும். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடம் பிடிக்கச் சிறிது சச்சரவிட்டு, மேலும் கீழுமாக அமர்ந்து கொள்ளும். கடைசியில் ஒன்று மட்டும், எழத் துணியாததுபோல, கழுத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொண்டு வேலியின் மேலேயே நிற்கும். மேலிருந்து ஒரு குரல் வரும். அதுவும் எழும்.